கோரிமேட்டில் ஒரு விருந்தினர் வீடு: தங்கியவரின் மதிப்பீடு

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சிகிச்சைக்கு அடுத்த பெரிய கவலை தங்குமிடம்தான். ஒரே நாளில் முடிந்துவிடுகிற பரிசோதனை என்றால் விடியற்காலைப் பேருந்தில் வந்து மாலையில் திரும்பிவிடலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை அப்படிப்பட்டதன்று. வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் பல வாரங்களுக்கு அது தொடரும். இயந்திரத்தின் கீழே படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்களே என்றாலும், அந்தச் சில நிமிடங்களுக்காக நோயாளி நாள்தோறும் வந்தாக வேண்டும். விருத்தாசலத்துக்கு அருகில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு 2025-ஆம் ஆண்டு தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம்) இந்தச் சிகிச்சை தொடங்கியது. கடலூரில் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் அழைத்துப் போகலாம் என்றுதான் முதலில் திட்டமிட்டோம். கடலூரிலிருந்து புதுச்சேரிப் பேருந்து நிலையத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொன்று, திரும்பும்போது மறுபடியும் அதே இரண்டு என்பது உடல்நலம் உள்ளவர்களுக்குப் பெரிய தொலைவு இல்லை. வாந்தியும் சோர்வுமாக இருக்கிற, எழுபதை நெருங்கும் பெண்மணிக்கு அது ஒத்துவரவில்லை.

அப்போதுதான் எங்கள் சபைப் போதகர், கோரிமேட்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் நோயாளிகளையும் உடன் வருகிறவர்களையும் தங்கள் வீட்டு மாடியில் தங்கவைக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்த குருவானவர் ஒருவரிடம் விசாரித்துச் சொன்னார். நாங்கள் புராட்டஸ்டண்டுப் பிரிவான லுத்தரன் சபையார். அந்த வீட்டுக்காரர்களுக்கு எங்களை முன்பின் தெரியாது. பெரியம்மா சிகிச்சை முடியும்வரை அங்கேயே இருந்தார். பள்ளிக்கு விடுப்புக் கிடைத்த நாட்களில் நானும், மற்ற நாட்களில் பெரியம்மாவின் மருமகளும் உடனிருந்தோம்.

பணம் கேட்காமல் செய்யப்படுகிற ஒன்றை எடைபோட்டு எழுதுவது முறையா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு தெரியாத வீட்டின் படியேறப்போகிறவருக்கு, அங்கே என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வாசலில் பெயர்ப்பலகையும் கிடையாது. தேவைப்படுகிறவர்கள் எங்களைப் போலவே தங்கள் ஊர்ப் பங்குத்தந்தையையோ போதகரையோ கேட்டு விசாரிக்கலாம்.

யாரையும் வாசலில் நின்று உள்ளே வரச்சொல்வது எளிது. வந்தவர் கூசாமல் உட்காரவும், கேட்காமலே தண்ணீர் எடுத்துக் குடிக்கவும், கடன்பட்டவர்போல் நெளியாமல் சாப்பிடவும் வழி செய்வதில்தான் விருந்தோம்புகிறவரின் திறமை இருக்கிறது. நோயாளி ஏற்கெனவே மருத்துவரிடம், செவிலியரிடம், மகனிடம், மருமகளிடம் என்று பலரிடம் கையேந்தி நிற்பவர். தங்கும் வீடும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் அவருக்கு அங்கே ஓய்வு இராது. நான் இந்த வீட்டைப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன். பெரும்பாலான இடங்களில் அவர்கள் தேறுகிறார்கள். ஓரிரண்டு இடங்களில் தேறவில்லை.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள்; இருவரும் அறுபதைக் கடந்தவர்கள்; பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரரின் தந்தை பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது படைவீரர். அவருடைய ஓய்வூதியத்தில் எழுந்த மாடிதான் இப்போது விருந்தினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூன்று அறைகள், ஒரு கூடம், இரண்டு கழிப்பறைகள். ஒவ்வோர் அறையிலும் இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, சுவரில் ஓர் அலமாரி, கொசுவலை. துணிகள் துவைத்த வாசனையோடு இருந்தன. தலையணை உறையை வாரத்தில் இரண்டு முறை அக்காவே வந்து மாற்றினார். (வீட்டுக்கார அம்மாளை எல்லாரும் அக்கா என்றும், அவர் கணவரை அண்ணன் என்றும்தான் அழைக்கிறார்கள், பெரியம்மாவைவிட இளையவர்கள் என்றாலும் பெரியம்மாவும் அப்படியேதான் அழைத்தார்.) மின்சாரம் நின்றால் மின்விசிறி ஓடுவதற்கு இன்வெர்ட்டர் உண்டு. குடிதண்ணீர் கேனில் வருகிறது. குளிக்கும் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று நீர். கதிர்வீச்சு பட்ட தோலுக்கு வெந்நீர் கூடாது என்பதால் பெரியம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது பின்கட்டில் இருக்கும் தனிச் சமையலறை. மாடியிலிருந்து நேராக இறங்கிப் போகும்படி பின்புறம் ஒரு படிக்கட்டு. கீழே ஒரு சிறிய அறை. அதில் ஒரு கேஸ் அடுப்பு, தேவையான பாத்திரங்கள், அரிசி, பருப்பு, ரவை, டீத்தூள், சர்க்கரை, ஒரு சிறிய ஃபிரிட்ஜ். மூன்று வேளைச் சாப்பாடும் வீட்டிலிருந்தே வருகிறது என்றாலும், இடையில் எதையாவது சுடவைக்க வேண்டியவர்கள் அங்கே போய்ச் செய்துகொள்ளலாம். சாவி மாடிக் கூடத்திலேயே ஆணியில் தொங்குகிறது. யாரையும் எழுப்ப வேண்டாம். யாரிடமும் கேட்க வேண்டாம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவற மடங்களுக்கு எழுதிய ஒழுங்குகளில் 53-ஆம் இயல் விருந்தினரைப் பற்றியது. வருகிற எல்லா விருந்தினரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்ற அதன் தொடக்கத்தைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே இயலில், விருந்தினருக்கும் மடாதிபதிக்கும் சமையலறை தனியாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது: விருந்தினர் வேளைகெட்ட வேளையில் வருவார்கள், அதனால் மடத்தில் இருக்கிறவர்களுடைய அமைதி குலையக் கூடாது. மேற்கோளாகப் பயன்படாத இந்தப் பகுதியில்தான் விருந்தோம்பலைப் பல ஆண்டுகள் செய்து பார்த்தவரின் அறிவு தெரிகிறது. அக்கா அந்த நூலைப் படித்ததில்லை. "நடுராத்திரியில என் அடுப்பங்கரையில பாத்திரம் உருண்டா எனக்கு அப்புறம் தூக்கம் வராது, டீச்சர்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். இரண்டும் ஒன்றுதான்.

அந்தச் சமையலறையின் பயனை நான் முழுதாகக் கண்டது பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த முஸ்லிம் தம்பதியால். கணவருக்குத்தான் சிகிச்சை, நோயாளி என்பதால் அவர் நோன்பு வைக்கவில்லை. மனைவி விடாமல் வைத்தார். அந்த ஆண்டு ரம்ஜான் மாதமும் தவக்காலமும் மார்ச்சில் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தன. விடிவதற்கு முன் அந்த அம்மாள் இறங்கிப் போய்ச் சஹருக்கு வேண்டியதைச் சுடவைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓசையில்லாமல் ஏறி வருவார். மாடிக் கூடத்தின் ஒரு மூலையில் தொழுகைக்கு இடம் ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கச் சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தை அண்ணன் தாமாகவே கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினார். மாலையில் நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பேரீச்சம்பழமும் கஞ்சியும் மேசையில் இருந்தன. கஞ்சி பள்ளிவாசல் கஞ்சியைப் போல இல்லை என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்ல, மறுநாள் அவரே வந்து அக்காவுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தார்.

அடுத்து முட்டை. கதிர்வீச்சுக் காலத்தில் உடல் எடை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உணவில் புரதம் சேர வேண்டும் என்பது எல்லா நோயாளிகளுக்கும் சொல்லப்படுவது. இந்தக் குடும்பத்தார் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை இறைச்சி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. வீட்டார் நோன்பிருக்கும் மேசையில் உட்கார்ந்து முட்டை சாப்பிடப் பெரியம்மாவுக்கு மனம் வரவில்லை. "எனக்கும் ரசம் சோறே போதும்மா" என்று தட்டைத் தள்ளிவைத்தார். இங்கே வற்புறுத்தினாலும் தவறு, விட்டுவிட்டாலும் தவறு. அக்கா இரண்டையும் செய்யவில்லை. அவித்த முட்டையை உரித்து, மிளகுத்தூள் தூவி, நான்காக நறுக்கிப் பெரியம்மாவின் தட்டில் சோற்றுக்கு அருகில் வைத்துவிட்டு, பரங்கிப்பேட்டைக்காரருக்கும் அதேபோல வைத்துவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். இரண்டாம் நாளிலிருந்து பெரியம்மா தாமாகவே சாப்பிட்டார். அக்கா வீதியில் கூடையோடு வரும் மீன்கார அம்மாளிடம் சங்கரா, கானாங்கத்தை என்று கிடைத்ததை வாங்கி, நோன்பிருக்கும் அதே கையால் குழம்பு வைத்து, உப்புப் பார்க்காமலே இறக்குவார். (சில நாட்கள் உப்புத் தூக்கலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) பெனடிக்டின் அதே இயல், பெரிய நோன்பு நாட்கள் தவிர மற்ற நாட்களில் மடத் தலைவர் விருந்தினருக்காகத் தம் நோன்பை முறித்துக்கொள்ளலாம், மற்றவர்கள் தங்கள் நோன்பைத் தொடரட்டும் என்கிறது. இந்த வீட்டில் நோன்பை முறிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பது நாள் கணக்கில் சேர்வதில்லை என்பதால் அன்று மட்டும் அண்ணன் எங்களோடு மீன் சாப்பிடலாமே என்று நான் கேட்டேன். தம் தாயார் காலத்திலிருந்து வீட்டில் அப்படி வழக்கமில்லை என்று சொல்லிவிட்டுத் தயிர்ச்சோற்றோடு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேசையில், ஒரே வேளையில், ஒரே விதமான தட்டில். இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. கிறிஸ்தவ வீடு என்றாலே பந்தி பேதம் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பக்கத்து வரலாறு தெரியாது. புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயில் என்னும் கத்தோலிக்கப் பேராலயத்தின் பழைய கட்டடத்துக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் பிரித்து எழுப்பியிருந்த சுவரைப் பற்றியும், அதை எதிர்த்து 1745-இல் எழுந்த பூசலைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் செய்தி உண்டு. சுவர் போய்விட்டது, பழக்கம் போக நெடுங்காலம் ஆயிற்று. எங்கள் லுத்தரன் ஊர்களிலும் கதை வேறாக இல்லை. கொரிந்து சபையில் சிலர் முந்திக்கொண்டு வயிறாரச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றதைப் பவுல் கண்டித்து எழுதியதைப் படித்துவிட்டு, அதே நாளில் வாசல் திண்ணையில் தனித் தம்ளர் வைத்த வீடுகளை என் தலைமுறையினர் பார்த்திருக்கிறோம். இந்த வீட்டு நோட்டில் வருகிறவர்களின் பெயர், ஊர், ஆதார் எண், தொலைபேசி எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினர் எண் ஆகியவை கேட்கப்படுகின்றன. வேறெதுவும் கேட்கப்படுவதில்லை. 'எந்தத் தெரு', 'யாருடைய பிள்ளை' என்று சுற்றிவளைத்துக் கேட்கும் வழக்கமும் அண்ணனிடமும் அக்காவிடமும் இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்த விவசாயக் கூலி ஒருவர் முதல் நாள் தம் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். அண்ணனும் தம் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு நாள் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள், முதுகு வலிக்கிறது, மேசைக்குப் போகலாமா என்று அண்ணன் கேட்க, அவரும் எழுந்து வந்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் குறைகளுக்கு வருகிறேன்.

இரவு எட்டு மணிக்குக் கீழே குடும்பச் செபமாலை நடக்கும். விருப்பமுள்ளவர்கள் வரலாம், வராதவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை, சாப்பாடு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதால், செபத்தில் கலந்துகொண்டால்தான் சோறு என்கிற தோற்றமும் இல்லை. இந்த ஒழுங்கை நான் மனமாரப் பாராட்டுகிறேன். சாப்பாட்டை முன்னே வைத்தது தற்செயலானது அன்று என்றும் நினைக்கிறேன். நானும் செபமாலை சொல்லும் வழக்கம் இல்லாதவள். பின்வரிசையில் உட்கார்ந்து இறுதியில் வரும் வேத வாசகத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வருவேன். சிக்கல் அதற்குப் பிறகு வரும் மன்றாட்டில் இருந்தது. அண்ணன் ஒவ்வொரு விருந்தினரின் பெயரையும் சொல்லி, அவருக்கு வந்திருக்கும் நோயையும், அது உடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதையும் சொல்லி, குணமாக வேண்டும் என்று உரக்க மன்றாடுவார். அவருடைய மனத்தில் கள்ளமில்லை. ஆனால், பெரியம்மா தம் நோயைப் பற்றிச் சொந்தத் தம்பியிடமே வாய்விட்டுச் சொல்லாதவர். மாடியில் படுத்திருந்த அவருடைய காதில் அது விழுந்த இரவில் அவர் சாப்பிட்டது தங்கவில்லை. கடவுளுக்குத் தெரிந்ததைக் கூடத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் தெரிவிக்க வேண்டிய தேவையில்லை என்று மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது உண்மை. அன்று இரவிலிருந்து பெயரை மட்டும் சொன்னார். இனி வரப்போகிறவர்கள் நோயைப் பற்றி அவர் அன்போடு கேட்கும்போது எவ்வளவு சொல்ல விருப்பமோ அவ்வளவு சொன்னால் போதும். மருந்துச்சீட்டைக் காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது குறை அக்காவின் உழைப்பு. அண்ணன் நன்றாகப் பேசுவார். மம்ரே கருவாலி மரங்களின் அருகில் ஆபிரகாம் விருந்தினராக வந்த மூன்று பேரை எதிர்கொண்டு ஓடியதை அவர் சொல்லக் கேட்க வேண்டும். அந்தக் கதையில் ஆபிரகாம் ஓடினார் என்பது சரி. மாவைப் பிசைந்து அப்பம் சுட்டவர் அவர் மனைவி சாராள். மாடி நிறைந்திருக்கும் நாட்களில் ஏழெட்டுப் பேருக்கு மூன்று வேளையும் சமைத்து, நோயாளிக்குத் தனியாகக் காரமில்லாமல் எடுத்துவைத்து, படுக்கை உறைகளைத் துவைத்து, வெயிலில் போட்டு எடுப்பது அக்கா ஒருவரே. பாத்திரம் தேய்க்க ஒரு பெண் காலையில் மட்டும் வருகிறார். இயேசு வீட்டுக்கு வந்தபோது சகோதரி மரியா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மார்த்தா பலவிதமான வேலைகளில் வருத்தமடைந்ததை லூக்கா எழுதியிருக்கிறார். அந்த வேலைகளில் பாதியை யாராவது பகிர்ந்துகொண்டிருந்தால் அவரும் வந்து உட்கார்ந்திருப்பார் என்பது என் எண்ணம். 'முறுமுறுப்பில்லாமல்' உபசரிக்க வேண்டும் என்று பேதுரு எழுதியது, அந்தக் காலத்திலும் முறுமுறுப்பு இருந்ததால்தானே. அக்கா முறுமுறுத்து நான் கேட்டதில்லை. அதற்காக முறுமுறுக்கக் காரணமே இல்லை என்று அண்ணன் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு அக்காவே கண்டுபிடித்திருக்கும் வழி, விருந்தினருக்கு வேலை கொடுப்பது. வந்த முதல் நாள் எதுவும் செய்யவிடுவதில்லை. மறுநாள் காலையில் ஒரு முறத்தில் கீரையோ, ஒரு தட்டில் பூண்டோ மாடிக்கு வந்துவிடும். தட்டை அவரவரே கழுவ வேண்டும். மாடிக் கூடத்தை முறை வைத்துப் பெருக்க வேண்டும். உடல் முடியாதவர்களுக்கு விலக்கு. விருந்தினரை வேலை வாங்குவதா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கோ இந்த வீட்டில் மிகவும் மதிக்கத்தக்கதாகத் தோன்றியது இதுதான். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து பெரியம்மாவை எந்த வேலையும் செய்யவிடாமல் உட்காரவைத்திருந்தோம். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரையை உருவி, பழுத்த இலையைத் தள்ளி, "இந்தக் கீரைய யாரு வாங்குனது, பாதி காம்பு" என்று அக்காவை அதட்டியபோதுதான் அவர் பழைய பெரியம்மாவாக இருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் எதற்கும் கூசியதாக நினைவில்லை. கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்து ஒழுங்கு நூலான டிடாக்கே, வழிப்போக்கரை ஏற்று உதவச் சொல்கிறது; தேவையானால் இரண்டு மூன்று நாட்கள் தங்கட்டும், அதற்கு மேல் குடியிருக்க விரும்புகிறவர் தொழில் தெரிந்தவரானால் உழைத்து உண்ணட்டும் என்கிறது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க எழுதிய விதியாகவே அதைப் படித்து வந்திருக்கிறேன். தங்குகிறவரின் மானத்தைக் காப்பதற்கும் அது பயன்படும் என்பது இங்கேதான் தெரிந்தது.

தங்கும் கால அளவிலும் இவர்களுக்குக் கணக்கு உண்டு. பரிசோதனைக்காக வருகிறவர்களுக்கு மூன்று இரவுகள். தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மருத்துவர் சொல்லும் நாள் வரை. நோயாளியோடு ஒருவர் மட்டுமே தங்கலாம். பார்க்க வருகிற உறவினர்கள் மாலையில் வந்துவிட்டு இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும். இரவு பத்து மணிக்கு வெளிக்கதவு பூட்டப்படும். குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கே வெளியேற வேண்டும் என்பது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. புதுச்சேரியில் சாராயம் தேடி அலைய வேண்டியதில்லை என்பதால், நோயாளியைச் சாக்காக வைத்து வந்து தங்குகிற ஆண்களை வடிகட்ட இந்த விதி வேண்டியிருக்கிறது. இந்த விதிகள் கடுமையாக இருக்கின்றனவே என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டேன். கதவுக்குப் பூட்டு இல்லாத வீட்டில் நோயாளி தூங்க முடியாது.

வேறு சில குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இங்கே வர வேண்டாம். கீழ்த்தளத்தில் விருந்தினர் அறை கிடையாது. இரண்டு கழிப்பறைகளில் ஒன்று மட்டுமே மேற்கத்திய முறையிலானது என்பதால் காலையில் காத்திருக்க வேண்டியிருக்கும். கொசுத் தொல்லை உண்டு. பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்ததால் பகல் தூக்கம் கெட்டது. அதற்கு இவர்கள் பொறுப்பில்லை. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அண்ணனும் அக்காவும் ஆலயத்திலேயே நீண்ட நேரம் இருப்பார்கள். அந்த நாட்களில் பெரும்பாலும் விருந்தினரே சமைத்துக்கொள்ள வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார்கள்.

கடைசியாகப் பணம். வாடகை என்று எதுவும் இல்லை, சாப்பாட்டுக்கும் இல்லை. மாடிப்படி இறங்கும் இடத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதில் முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்ப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை திறந்து, கேஸுக்கும் மளிகைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். குறைந்தால் பிள்ளைகள் அனுப்பும் பணத்திலிருந்து போட்டுக்கொள்கிறார்கள். விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்யக்கூடிய நண்பர்களையும் செல்வந்தர்களையும் அழைக்காமல், திருப்பிச் செய்ய இயலாத ஏழைகளை அழைக்கும்படி லூக்கா 14-இல் இயேசு சொன்னதுதான் இதற்கு அடிப்படை என்று அண்ணன் சொன்னார். அந்த வசனத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

ஏனென்றால் அந்தப் பெட்டி எல்லாரையும் ஒரே மாதிரி விடுதலை செய்வதில்லை. என்னைப் போல மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது எளிது. பக்கத்தில் இருக்கும் விடுதிகளில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, மனத்தில் ஒரு கணக்குப் போட்டு, உறையில் வைத்துப் போட்டுவிட்டேன். காட்டுமன்னார்கோயில்காரர் கிளம்புகிற நாளில் அந்தப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார். ஊருக்குத் திரும்பப் பேருந்துக்கு எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் கேட்டார். மீதியிருந்ததை எல்லாம் போட்டுவிட்டார். இல்லாதவர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். இல்லை என்று தமக்குத் தாமே ஒப்புக்கொண்டு வெறுங்கையோடு அந்தப் பெட்டியைத் தாண்டிப் போவது மானமுள்ள மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதை அண்ணன் யோசிக்கவில்லை. நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் என்று ஒரு சிறிய தொகையை எழுதி ஒட்டியிருந்தால், ஏழை அதைக் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று நிமிர்ந்து போவார். அதற்கும் வழியில்லாதவர் அக்காவிடம் தனியாகச் சொல்வார். வசதியுள்ளவர் எப்படியும் கூடுதலாகப் போடுவார்.

கிளம்புவதற்கு முந்தின நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். அண்ணன் வசனம் சொல்லியிருப்பார்; அக்கா சொன்னது வேறு.

"வெல எழுதி ஒட்டினா லாட்ஜ்னு சொல்லி வரி கேட்டு வந்துடுவாங்க, டீச்சர்."

அது நியாயமான பதிலாகத்தான் இருக்கிறது. பெட்டியைப் படிக்கட்டிலிருந்து எடுத்துப் பின்கட்டுச் சமையலறையில், யார் கண்ணிலும் படாத மூலையில் வைக்கலாமே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்குப் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போகும்போது அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.